பவர் பட்டன் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

மனிதகுலத்தில் இரண்டே வகைதான் உண்டு. கணினி மக்கர் பண்ணினால் ரீஸ்டார்ட் செய்பவர்கள் ஒரு வகை, லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் மற்றொரு வகை. லினக்ஸின் சின்னமான பென்குவினையே கல்லூரியில் பட்டப்பெயராக வாங்கிய அவன் இந்த உண்மையைக் கேன்டீனில், பஸ்ஸில், ஒருமுறை ஒரு துக்க வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறான்.

சொன்னதோடு நிற்கவில்லை. அக்காவின் ஸ்டிக்கர் கடைக் கணினியிலிருந்து விண்டோஸைத் தூக்கி எறிந்துவிட்டு லினக்ஸைப் போட்டான். "டேய், ஸ்டிக்கர் வெட்டுற மெஷினோட சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்" என்று அக்கா அழாத குறையாகச் சொன்னாள். உடனே லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஒரு பொய்க் கணினி அமைத்து, அதற்குள் அதே விண்டோஸைக் குடிவைத்தான். வாசல் வழியாக விரட்டியவரைக் கொல்லைப்புறமாகக் கூட்டிவந்து உட்காரவைத்த இந்த ஏற்பாட்டுக்கு அவன் வைத்த பெயர் 'ஆர்க்கிடெக்சர்'.

வெற்றியின் நினைவாக, அக்காவையே வெட்டித் தரச் சொல்லி, கணினியின் பவர் பட்டனை மூடி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான்: 'ரீஸ்டார்ட் என்பது தோல்வி.' அன்றிலிருந்து அந்தக் கணினி அணைந்ததே இல்லை.

இன்று காலை, யாரும் கேட்காமலேயே, அவன் சிஸ்டம் முழுவதையும் அப்கிரேட் செய்தான். மதியம் அக்கா விர்ச்சுவல் மெஷினைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. ஏதோ மாட்யூலைக் காணோம் என்று ஒரு சிவப்பு வரி மட்டும் வந்தது.

"நாளைக்குப் பல் ஆஸ்பத்திரி திறப்புடா. கண்ணாடிக் கதவுக்கு எழுத்து வாங்க சாயங்காலம் ஆள் வந்துருவாங்க. நமக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். எதிர்க் கடைக்காரர் ஏற்கெனவே அவங்ககிட்ட நம்பர் கொடுத்து வெச்சிருக்கார், தெரியுமா?"

"பதறாதே. மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டா முடிஞ்சது."

இன்ஸ்டால் செய்தான். அதே சிவப்பு வரி. அழித்துவிட்டு மறுபடியும் செய்தான். அதே வரி, அதே நிதானத்தோடு.

"ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றாள் அக்கா.

பென்குவின் நாற்காலியோடு திரும்பினான். "அக்கா, இது மிக்ஸி இல்ல."

"மிக்ஸியா இருந்தா இந்நேரம் அரைச்சே முடிச்சிருப்பேன்."

"ரீஸ்டார்ட்டுங்கறது பிரச்சினை என்னன்னு தெரியாதவங்க பண்றது."

"சரிங்க சார். உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

தெரியவில்லை. இணையத்தில் அவனைப் போன்றவர்கள் கூடும் மன்றத்தில், பிழைச் செய்தி முழுவதையும் போட்டுக் கேட்டான். யாரோ பதில் போட்டார்: "அப்கிரேட்டுக்கு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" கீழே கொட்டாவி விடும் ஒரு பொம்மை முகம்.

அவன் காதுமடல் சிவந்தது. ஏனென்றால் இப்போது புரிந்துவிட்டது. சிஸ்டத்தின் அடிமையமான கர்னல் புதிதாக வந்து டிஸ்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழைய கர்னல். அதற்குப் பொருந்தும் மாட்யூல்களை, அதாவது விர்ச்சுவல் மெஷின் ஓடத் தேவையான துணைத் துண்டுகளை, அப்கிரேட் துடைத்துப் போட்டுவிட்டது. புதுப் பூட்டையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பழைய சாவியைக் கிணற்றில் வீசியாயிற்று. கதவில் தொங்குவது மட்டும் பழைய பூட்டு.

"அக்கா, தலை வலிக்குது. ஒரு டீ போட்டுக் கொடேன்."

"இப்பவா?"

"இப்பதான்."

அவள் முணுமுணுத்தபடி பின்கட்டுக்குப் போனதும், ரீஸ்டார்ட் கட்டளையைப் பூனை நடப்பதுபோல் தட்டினான். திரை கறுத்தது. அப்படியே உறைந்தது. இவ்வளவு காலம் அணையாமலே இருந்த கணினிக்கு அணைவது எப்படியென்று மறந்துபோயிருந்தது. இனி ஒரே வழி, பவர் பட்டன்.

அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினான். அக்கா தரமான ஸ்டிக்கர்தான் வெட்டுவாள், லேசில் வரவில்லை. பின்கட்டில் பாத்திரம் உருளும் சத்தத்தோடு சேர்த்து இழுத்து உரித்தான். பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்தான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

அக்கா டீயோடு வந்தபோது விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் எதுவும் நடக்காததுபோல் விழித்திருந்தது. வெட்டும் மெஷின் 'பல்' என்ற சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிடா சரி பண்ணினே?"

"கர்னல் லெவல்ல ஒரு சின்ன வேலை."

அக்கா டீயை வைத்தாள். கணினியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மெஷின் பக்கம் போனாள்.

அவசரத்தில் அவன் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டியிருந்தான்.