கொடிக்காரனுக்குக் கேடயம்

பெருமாயி பதினேழாவது கோழியின் கழுத்தை மடக்கிப் பிடித்துக் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து, துள்ளுகிற உடம்பை அண்டாவுக்குள் வீசினாள். ரத்தம் தெறித்து அவள் தம்பி இளங்கோவின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. "தள்ளி நில்லு சாமி, வெள்ளச் சட்ட பாழாப் போயிரும்," என்றாள். அவள் பேச்சு குழறித்தான் வரும், ஐந்து மாதமாக அப்படி. இன்றைக்குத் தம்பிக்கு மேடையில் கேடயம் கொடுக்கிறார்கள், இருநூறு பேருக்குக் கோழிக்குழம்பு. சமைக்க ஆள் தேடியபோது, என் தம்பி விருந்துக்கு நான் ஆக்காமல் வேறு எவள் ஆக்குவாள் என்று கூலியைக்கூடக் கேட்காமல் வந்து நின்றவள் அவள்தான். அவள் கையில் துடிக்கிற ஒவ்வொரு கோழியையும் இளங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சாயங்காலம் சொல்லு கண்ணு. இன்னும் ஒம்பது கெடக்குது," என்று பதினெட்டாவதை இழுத்தாள் அவள். சரி, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இவனும் திரும்பிவிட்டான். இப்படித்தான் ஐந்து மாதமாகச் சாயங்காலங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எத்தனை கேவலமான மனசு பாருங்கள், அவள் வேலையாக இருக்கிறாள் என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

மலைச்சாலைப் பணிப் பாதுகாப்பாளர் சங்கம் என்று ஒன்று. மலையில் ரோடு போடுகிற இடத்தில் பாறைக்கு வெடி வைக்கும்போது மனுஷனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. ஆபீசரிலிருந்து சிவப்புக் கொடி பிடிக்கிறவன்வரை அதில் எல்லாரும் உறுப்பினர். மொத்தம் ஏழு கிளை. வருஷத்துக்கு ஒருதரம் சிறந்த கிளைக்கு ஒரு கேடயம், சிறந்த உறுப்பினருக்கு ஒரு கேடயம், விழா எப்போதும் ஜெயித்த கிளையின் வேலையிடத்தில். இந்த வருஷம் இரண்டும் கொல்லிமலைக் கிளைக்குத்தான். தேவனூர் நாட்டில் புது ரோடு முடிகிற வளைவில், கிழங்குக் காடுகளுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். உறுப்பினர் கேடயம் கொடிக்காரன் இளங்கோவுக்கு.

ஒரு சாவு விழுந்த கிளைக்கா கேடயம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் சங்கத்தின் பார்வை வேறு. விதிப்படி எல்லாம் செய்திருந்து, செத்தவன் எச்சரிக்கையை மீறித் தானாக உள்ளே வந்து செத்திருந்தால் அது கிளையின் குற்றம் ஆகாது. ரிஜிஸ்டர் அப்படித்தான் சொல்கிறது. அதில் கீழே இளங்கோவின் கையெழுத்து இருக்கிறது. செத்தவன் அர்த்தனாரி, பெருமாயியின் புருஷன்.

ஐப்பசியில் நடந்தது. எப்போதும் வெடிக்கு முன் சைரன் ஊதும், சனம் ஒதுங்கிக்கொள்ளும். அன்றைக்கு முந்தின ராத்திரி மழையில் சைரன் நனைந்து செத்துப் போயிருந்தது. பாதுகாப்பு ஆபீசர் ரமேஷ்குமார், திருச்சிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், விசில் ஊதலாம் என்றார். இளங்கோ அப்போதே சொன்னான்: "வேணாங்க சார். விசிலு ஊதுனா எங்க சனம் ஒதுங்காதுங்க, ஓடியாரும்." உண்மை அதுதான். கிழங்குக் காட்டில் பன்றி இறங்கிவிட்டால் கண்டவன் விசில் ஊதுவான். காதில் விழுந்தவன் யாராக இருந்தாலும், பகையாளியே ஆனாலும், கையில் கிடைத்த தடியை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த திக்குக்கு ஓட வேண்டும். இன்றைக்கு இவன் காட்டுக்கு நான் ஓடாவிட்டால் நாளைக்கு என் காட்டுக்கு எவன் வருவான்? ரமேஷ்குமார் கேட்டுக்கொண்டார். "அப்படின்னா வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வந்துருப்பா. இன்னைக்கு மட்டும் விசில்தான், வெடிக்குன்னு சொல்லு. நீ வந்து சொன்னாத்தான் வெடி," என்றார்.

போனான். சந்தை நாள். முதல் நாலு வீடும் பூட்டிக் கிடந்தன. ஊரே சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருக்கும் என்று நினைத்தான். கீழே அக்கா வீட்டுக் கிழங்குக் காடு இருந்தது, இறங்கினால் கால் மணி நேரம், ஏறினால் அரை மணி நேரம், தடம் பூராவும் அட்டை. அவன் இறங்கவில்லை. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துப் பல் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தான். "சொல்லிட்டேனுங்க சார்," என்றான். ரிஜிஸ்டரை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டான். பொய் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக மூன்று விசில். மூன்றாவது ஊதி முடித்துக் கொடியை ஆட்டினான். வெடிக்காரர் கம்பியைத் தொட்டுவிட்டார். அந்த நொடியில் கீழ்வளைவில் மண்மேட்டின் மேல் ஒரு தலை ஏறியது. பிறகு தோள், பிறகு தூக்கிப் பிடித்த தடி. அர்த்தனாரி மூச்சு வாங்க, "எந்தப் பக்கம்டா மாப்ள?" என்று கேட்டபடியே ஓடி வந்தான். இளங்கோ கத்தினான். பாறை எழுந்தது. புகை அடங்கியபோது மச்சானின் இடுப்புக்குக் கீழே கல் மட்டும்தான் இருந்தது. முகம் பாதிதான் இருந்தது. இளங்கோ கையாலேயே கல்லைப் புரட்டினான், நகம் மூன்று பிய்ந்து வந்தது. ஒரு கால் முப்பதடி தள்ளிக் காப்பிச் செடிக்குள் கிடந்தது, செருப்போடு. அவன்தான் தேடி எடுத்துத் தார்ப்பாயில் வைத்தான்.

சந்தையிலிருந்து திரும்பிய சனத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முறைப்படி மூன்று தரம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள், அர்த்தனாரி வெடிக்குள் ஓடியிருக்கிறான். எச்சரிக்கை என்றால் சைரன் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சைரன் கேட்டும் ஒருத்தன் வெடியைப் பார்த்து ஓடினால் அதற்கு என்ன பேர்? வெடிக்காரர் வேறு மலைக்குப் போய்விட்டார். இளங்கோ வாயைத் திறக்கவில்லை.

பெருமாயி அன்று காலையில் புருஷனோடு சண்டை போட்டிருந்தாள். சந்தைக்குத் துணைக்கு வரவில்லை என்ற அற்பச் சண்டை. "இந்தக் காட்டையே கட்டிக்கிட்டு அழு. எங்கியாச்சும் அந்த வெடியில சிக்கிச் செத்துத் தொலை," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அடுப்பிலிருந்து கனிந்த கங்கு ஒன்றைக் கையாலேயே எடுத்து நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டாள். இளங்கோ ஓடிப்போய்த் தாடையைப் பிளந்தான். வெந்த சதை வாசம் அடித்தது. "இந்த நாக்குதாண்டா அவரக் கொன்னுச்சு," என்று புரளாத நாக்கால் அவள் சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறி அழுதான். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் டீக்கடையில் குழந்தைவேலு, "அர்த்தனாரி பொண்டாட்டி தொல்ல தாங்காம தானாப் போயி வுழுந்தவன்தான," என்று எதற்கோ பேச்சு வாக்கில் சொன்னான். இளங்கோ டீ கிளாஸை அவன் வாயிலேயே குத்தினான். கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். குழந்தைவேலுவுக்கு முன்பல் இரண்டு போயிற்று. மச்சான் மேல் என்ன பாசம் என்று ஊர் இளங்கோவை மெச்சிக்கொண்டது.

பதினோரு மணிக்கு விழா தொடங்கியது. சங்கத்தின் தலைவி கிருஷ்ணகுமாரி சேலத்திலிருந்து வந்திருந்தார். கிளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, ஐந்து வருஷம், பத்து வருஷம் முடித்த உறுப்பினர்களுக்குச் சால்வை போட்டார். கொல்லிமலைக் கிளைக்கான பெரிய கேடயத்தை ரமேஷ்குமார் வாங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. பந்தலுக்குப் பின்னால் பெருமாயி கறி வெட்டுகிற சத்தம் டக் டக்கென்று வந்துகொண்டிருந்தது. பிறகு இளங்கோவைக் கூப்பிட்டார்கள். கிருஷ்ணகுமாரி ஒரு தாளைப் பிரித்து மைக்கில் வாசித்தார்.

"கடந்த ஐப்பசி மாதம், சைரன் பழுதான நிலையிலும், உறுப்பினர் இளங்கோ வீடு வீடாகச் சென்று முன்கூட்டியே தகவல் தெரிவித்து, விசில் மூலம் மூன்று முறை எச்சரிக்கை செய்தார். துரதிர்ஷ்டவசமாக ஒருவர் அதை மீறியபோதும், இவரது கடமை உணர்வு..."

கறி வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

தாளில் அதெல்லாம் இருக்கும் என்று இளங்கோ யோசித்திருக்கவே இல்லை. கேடயம் என்றார்கள், சட்டை எடுத்துக் கொடுத்தார்கள், வந்துவிட்டான். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கிருஷ்ணகுமாரி கேடயத்தைக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி, "அந்த விசில எங்களுக்கும் ஒருதடவை ஊதிக் காட்டுங்களேன் தம்பி. மத்த கிளைக்காரங்க கத்துக்கட்டும்," என்றார். கூட்டம் கைதட்டியது. இளங்கோ அன்றைக்குச் சொன்னதை மறந்து ரமேஷ்குமார் தன் பையிலிருந்து விசிலை எடுத்து நீட்டினார்.

பந்தலைச் சுற்றி மூன்று பக்கமும் கிழங்குக் காடு. பங்குனி வெயிலில் ஆட்கள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தது மேடையிலிருந்தே தெரிந்தது. மெல்ல ஒரு கீச்சு ஊதிவிட்டுச் சிரித்துவிட்டு இறங்கிவிடலாம். பெருமாயி கேட்டால் அதற்கும் ஒரு கதை சொல்லலாம், அவன்தான் கதை சொல்வதில் தேறியவன் ஆயிற்றே. வாயில் வைத்தான். வாயால் சொல்ல முடியாததை இதனாலாவது சொல்லித் தொலைப்போம் என்று நினைத்தானோ, சொல்லாமல் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்தானோ, அது அவனுக்கே தெரியாது. நெஞ்சு நிறைய இழுத்து ஊதினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதை ஊதும்போது காது அடைத்துக்கொண்டது.

கை தட்டி ஓய்வதற்குள் கூச்சல் எழுந்துவிட்டது. "ஓய்... ஓய்..." என்று மேலேயிருந்தும் கீழேயிருந்தும். காட்டில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்து ஓடி வந்தன, ஆண், பெண், கிழடு பார்க்காமல். தடி, மண்வெட்டி, கொடுவாள், கையில் எது இருந்ததோ அது. நாய்கள் முன்னால் பாய்ந்தன. பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு முப்பது பேர் உள்ளே விழுந்தார்கள். நாற்காலிகள் உருண்டன, விருந்தாளிகள் அலறிக்கொண்டு மேடைப் பக்கம் ஒதுங்கினார்கள், ஒருவர் முகத்தில் தடி பட்டு மூக்கு உடைந்தது. முதலில் வந்து நின்றவன் குழந்தைவேலு. பல் இல்லாத வாயால் மூச்சு வாங்கியபடி, "எங்கடா பன்னி? எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

ரமேஷ்குமார் அந்தக் கூட்டத்தையும் இளங்கோவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

பெருமாயி முழங்கைவரை கோழி ரத்தத்தோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்குச் சைரன் ஊதலியா?"

"இல்லக்கா. ரிப்பேரு."

"விசிலு ஊதுனது யாரு?"

"நாந்தான்."

"ஊடு ஊடாச் சொன்னியாமா. அவருகிட்டச் சொன்னியா?"

இளங்கோ மேடையிலிருந்து இறங்கினான். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். "நாலு ஊடு பூட்டிக் கெடந்துச்சுக்கா. காட்டுக்கு எறங்கல. சொல்லிட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் நின்ற குழந்தைவேலுவின் தடியைப் பிடித்தாள். அவன் பிடியைத் தளர்த்தினான். முதல் அடி இளங்கோவின் காதுக்கு மேலே விழுந்தது. கேடயம் நழுவி உடைந்தது. இரண்டாவது தோளில், எலும்பு முறிகிற சத்தம் பின்வரிசைவரை கேட்டது. அவன் மண்டிபோட்டான், கையைத் தூக்கவில்லை. அவள் முதுகில், விலாவில், தலையில் அடித்தாள். வெள்ளைச் சட்டையில் அவன் ரத்தம் வழிந்தது. "யாராச்சும் புடிங்க, செத்துருவாரு!" என்று கிருஷ்ணகுமாரி அலறினார். குறுக்கே பாய்ந்த ரமேஷ்குமாரைக் குழந்தைவேலு இடுப்போடு கட்டிப் பிடித்து நிறுத்தினான். "உடுங்க சார். நீங்க உடுங்க," என்றான். ரமேஷ்குமார் திமிறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

எத்தனை அடியோ, யார் எண்ணினார்கள். ஓங்கிய கை பாதியில் அப்படியே நின்றது. பெருமாயி சுற்றிலும் பார்த்தாள். தடியும் மண்வெட்டியுமாக, வேர்த்து வடிந்து, யார் காட்டில் பன்றி என்றுகூடத் தெரியாமல் ஓடி வந்து நிற்கிற சனத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பன்னி தொரத்தவா சாமி ஓடியாந்த," என்றாள். செத்துப்போன புருஷனைக் கேட்கிற குரல் மெல்லத்தான் வந்தது. "நாஞ் சொன்னதுக்காவ இல்லியா? அடுத்தவங் காட்டுக்குத்தான் ஓடியாந்தியா, எஞ் சாமி..."

ஐந்து மாதத்தில் அவள் தன்னைத் திட்டித்தான் அழுதிருக்கிறாள். புருஷனுக்காக இப்போதுதான் முதல்தரம் அழுதாள். தம்பியின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மலையே கேட்கும்படி அழுதாள். சுற்றி நின்ற பெண்களும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

இளங்கோவால் ஒரு கண்ணைத்தான் திறக்க முடிந்தது. நாய்கள் மட்டும் இன்னும் ஒன்றும் விளங்காமல், கவிழ்ந்த நாற்காலிகளுக்கு அடியிலும் மேடைக்கு அடியிலும் மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடின. அவன் தலையை அசைக்காமல் அக்காவுக்கு எட்டுகிற தூரத்திலேயே வைத்திருந்தான். தடியை அவள் இன்னும் கீழே போடவில்லை.