பச்சை மையில் வந்த பதில்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் நான் மேனேஜர். வேலையாட்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் நாற்பதாயிரம் கோழிகளும் நானும்தான். மனைவி பிரிந்துபோய் ஏழு வருஷமாகிறது. என் வாய்தான் காரணம் என்பார்கள். இருக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. சேலத்தில் கல்லூரியில் படிக்கும்போது பிடித்துக்கொண்ட ‘கிரே லாந்தர்ன்ஸ்’ என்ற பழைய ஆங்கில ராக் குழு. மொத்தம் பதினோரு ஆல்பம். அதைப் பற்றிப் பேச இந்த ஜில்லாவில் ஒரு ஜீவன் கிடையாது. போன வருஷம் ஒருநாள், பொழுது போகாமல், முட்டை அடுக்கும் அட்டையின் அடியில் எழுதினேன்: ‘வீடு கட்டவும் வேண்டும், அண்ணாந்து பார்த்தாலும் தெரியும். கிரே லாந்தர்ன்ஸ் ஆல்பம். எது?’ அட்டை முட்டை லோடோடு பாலக்காட்டுக் குடோனுக்குப் போனது.

எங்கள் முதலாளி மகா சிக்கனம். காலி அட்டைகளை அதே லாரியில் திரும்பக் கொண்டுவரச் சொல்வார். நான்காம் நாள் ஓர் அட்டையில் பச்சை மையில் பதில்: ‘சிமெண்ட் ஸ்கை. இதெல்லாம் ஒரு கேள்வியா? மணிக்கணக்கைக் கொடியில் காயப்போட்டால் எந்த ஆல்பம்?’

அந்த அட்டையை மட்டும் தனியாக எடுத்து என் அறையில் வைத்தேன். ‘ட்ரை அவர்ஸ்’ என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் யாரையும் திட்டவில்லை.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. பதினோரு ஆல்பமும் அவற்றிலுள்ள பாட்டுகளும் தீர்ந்தபோது பயந்துகொண்டே எழுதினேன்: ‘நீங்கள் யார்? பேரும் நம்பரும் எழுதுங்கள். பேச ஆளில்லை.’

அந்த வாரம் பார்த்துப் பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பியது. வெளியிலிருந்து வரும் அட்டையெல்லாம் கேட்டிலேயே எரிக்க வேண்டும், வண்டிக்காரர்கள் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டவனே நான்தான். லாரி டிரைவர் யோகேஷ் வந்து நின்றான்.

“ஏனுங்ணா, ஒண்ணு சொல்லோணும்...”

“எறங்காதடா! அட்டையத் தள்ளிட்டுக் கெளம்பு. வாயத் தொறக்காத!”

அந்த அட்டைக் கட்டுக்குள் பதில் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதைப் பிரித்துத் தேடினால் நோய் என் கையோடு உள்ளே வரும். கேள்வியை மறுபடி எழுதினால் போகிறது என்று நானே தீ வைத்தேன்.

பீதி அடங்கி, மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்த லோடு போனது. மறுபடி எழுதினேன். பதில் வரவில்லை. யோகேஷைக் கேட்டேன்.

“பச்சைப் பேனாக்காரருங்களா? அவரு வேலைய உட்டுப் போயிட்டாருங்ணா. ஊரு தெரியல. குடோன்லயும் கேட்டுட்டேன், பழைய நம்பர் போவலையாமா. புது நம்பர அட்டையில எழுதி, உங்க கையிலயே குடுக்கச் சொன்னாருங்க. அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க பேசவே உடலைங்களே.”

“பேரு?”

“கலையரசனுங்க.”

கத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவன்மேல் பாய வாயெடுத்தேன். முடியவில்லை.

“ஒரு டீ குடிச்சிட்டுப் போ, யோகேஷு. கொஞ்ச நேரம் உக்காரு,” என்றேன்.

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “இன்னொரு லோடு இருக்குதுங்ணா. வாரேன்,” என்று வண்டியை எடுத்தான்.