உருவிய பத்துச் சீட்டு

காலையில் ஈரத்தலையோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து அன்றைய பலன் பார்க்க அவள் எடுத்த டாரோட் குறிச் சீட்டில் மறுபடியும் சூரியன். இந்த மாதத்தில் நான்காவது முறை. தையல் கம்பெனியில் நாளெல்லாம் காலர் தைத்துக் காய்த்துப்போன விரலால், சீட்டுக்கட்டோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டி, "இன்று வெளிச்சம் உங்கள் பக்கம்" என்று வாசித்தாள். பிறகு, வாசல் பல்பு எரியவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்குங்க. மூணு மாசமா. வலியெல்லாம் இல்ல."

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூணு மாசமாவா? டாக்டர்கிட்ட போகாம என்ன பண்ணிட்டிருந்த?"

"தினம் சீட்டுல கேட்டுட்டுத்தானே இருக்கேன்? ஒரு நாளாவது கெட்டது வந்துச்சா? வந்தா அன்னிக்கே போயிடறேன்."

எப்படி வரும்? கெட்ட சீட்டு பத்தும் அவனுடைய டூல் பையில், ஸ்பானர்களுக்கு அடியில் அல்லவா கிடந்தன.

வேலையை விட்டுப் போன தோழி ஒருத்தி கொடுத்த கட்டு அது. மரணச் சீட்டு வந்தால் 'மாற்றம்தான், பயப்படாதீர்கள்' என்று புத்தகம் சமாதானம் சொல்லும். இவளுக்கோ அன்று முழுக்க முகம் தொங்கிவிடும். இடிந்து விழும் கோபுரம் வந்த நாள் வேலைக்கே போகவில்லை. அவனோ பத்து மாடி ஏறி இறங்கி, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவன். அழுகிறவளைத் தேற்ற அவனிடம் தெம்பு மிச்சம் இருந்ததில்லை. ஆறு மாதத்துக்கு முன், அவள் குளிக்கப் போன நேரத்தில், பார்க்கப் பயமாக இருந்த பத்துச் சீட்டை உருவிவிட்டான். பாசம் கொஞ்சம், அலுப்பு கொஞ்சம். எது அதிகம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அன்று முழுக்க மெஷின் ரூமில் அவனுக்கு வேலை ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மூன்று மாதத் தாமதமும் தன் தலையில்தான் விழும் என்று பயந்தான். சாயங்காலம் அதட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். "நாளைக்குச் சீட்டு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுப் போலாம்" என்றாள்.

மறுநாள் அவள் குளிக்கிற நேரம் பார்த்துப் பத்தையும் கட்டுக்குள் அங்கங்கே செருகினான். எவ்வளவு துடைத்தும் ஓரங்களில் கிரீஸ் போகவில்லை. பெண்டாட்டிக்குக் கெட்டது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆம்பளை ஊரிலேயே தான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். கண் எரிந்தது.

அவள் வந்து சீட்டுகளைக் கவிழ்த்து விசிறினாள். வெள்ளை ஓரங்களுக்கு நடுவே அங்கங்கே கறுப்பு. கை நின்றது. ஒன்றை எடுத்து முகர்ந்தாள். இத்தனை வருஷமாக அவன் சட்டையிலிருந்து எந்த சோப்புக்கும் போகாத வாசனை.

"எத்தன நாளா?"

"ஆறு மாசம்."

கத்துவாள் என்று காத்திருந்தான். அவளோ கையிலிருந்ததைத் திருப்பாமலே அவன் முன்னால் தள்ளினாள்.

"இத நீங்க பாருங்க. நான் துணி மாத்திட்டு வரேன், கிளம்பலாம்."

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கவிழ்ந்து கிடந்த சீட்டின் முதுகில் அவள் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருப்பக் கை வரவில்லை.