சொமாலி தெரிந்தவன்

சைக்கிள் செயின் மறுபடியும் கழன்றது.

சுந்தரராஜ் குதித்து இறங்கினான். கேரியரில் இருந்த ஃபாரா நல்ல காலை ஊன்றி வண்டியைத் தாங்கினான். மற்றக் கால் இன்னும் முழுசாக மடங்காது. கையெல்லாம் கிரீஸ் அப்ப, சுந்தரராஜ் செயினைப் பல்லில் மாட்டிக்கொண்டே தென்னைகளை நிமிர்ந்து பார்த்தான். ஓலைகள் கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடின. கரைக்காற்று இன்னும் இருக்கிறது. உச்சிக்குள் அது நின்றுவிடும். அதற்குள் குளச்சல் போய்ச் சேராவிட்டால் கப்பல் போய்விடும்.

காலையில் ஆஸ்பத்திரி அடுக்களைக்கு மீன் கொண்டுவந்த கடியப்பட்டணத்துச் செசிலி, கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சேதியைச் சொல்லிவிட்டாள்.

"ஓய் சாரே, இவனுக்க ஆளுவளுக்க பத்தேமாரி குளச்சல்ல கெடக்கு. தண்ணி ஏத்துதானுவ. இண்ணைக்குக் கரைக்காத்துல பாய விரிச்சா, இனி ஆவணி கழியாம ஒருத்தனும் இங்கோட்டு வரமாட்டான்."

ஃபாராவும் வராந்தாவில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பல வருஷமாகக் கோழிக்கோட்டுக்குப் பாய்க்கப்பலில் வந்து போன சொமாலிக்காரன், மலையாளம் ஓரளவு பிடிபடும். பாதி புரிந்ததும் ஊன்றுகோலைத் தூர எறிந்துவிட்டுச் சிரித்தான். சுந்தரராஜும் சிரிக்க வேண்டியதாயிற்று. செசிலி தன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்கிற கேள்வி உடனே வந்தது. அதற்குப் பதில் தேடாமல் அவன் ஓடிப்போய்க் கம்பவுண்டரின் சைக்கிளை இரவல் வாங்கினான்.

செயின் ஏறியது. மறுபடி மிதித்தான்.

"மா நபத் பா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான் ஃபாரா. சமாதானமா என்று அர்த்தம்.

"வா நபத்" என்றான் சுந்தரராஜ் மூச்சு வாங்க. சமாதானந்தான்.

சொமாலிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி நாளிலும் ஃபாரா விடுவதாக இல்லை.

கார்த்திகை மாதம் குளச்சலில் சரக்கு ஏற்றும்போது கப்பலின் அடித்தட்டில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவன் ஃபாரா. அவனுடைய கப்பல்காரர்கள் அவனை மிஷன் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டுக் காற்றைப் பிடித்துப் போய்விட்டார்கள். காலில் மரச்சட்டம் கட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் படுக்கப் போட்டிருந்தார்கள். ஆள் ஆறடி இருப்பான், கறுத்த தேகம். வார்டில் ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. ஆஸ்பத்திரி குமாஸ்தா சுந்தரராஜ் ஒருவன்தான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

எல்லாரும் அவனை மெச்சினார்கள். பாஸ்டர் ஜெபத்தின் நடுவே நல்ல சமாரியன் என்றுகூடச் சொல்லிவிட்டார். சுந்தரராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று சனங்கள் நினைத்தார்கள்.

உண்மை வேறு. கோட்டாற்று முதலாளி ஒருவருக்குச் சொமாலிக் கரையில், பெர்பெராவில் கடை இருந்தது. கணக்கெழுத ஆள் வேண்டும், வருகிறவன் சொமாலிக்காரனிடம் நாலு வார்த்தை பேசி வியாபாரம் பண்ணத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்றார். பங்குனியில் அவருடைய ஆள் வந்து சோதிப்பான். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வேலையில் எட்டு வருஷம் குப்பை கொட்டிய சுந்தரராஜுக்கு அது பரலோகத்தின் வாசல் மாதிரி தெரிந்தது.

பாஷையும் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வந்து உட்கார்ந்தது. தகய், தக்தய், தக்னய்: போனேன், போனாய், போனோம். நான் போனதற்கும் அவன் போனதற்கும் ஒரே சொல் என்பதில்தான் முதலில் இடறினான். இன்னொன்று, தொண்டையின் அடியிலிருந்து எடுக்க வேண்டிய ஓர் எழுத்து. அதை வீட்டில் சாதகம் பண்ணும்போது மனைவி ஜெபகனி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள்.

"தொண்டையில முள்ளு குத்திச்சா? வாய்க்குள்ள சோத்து உருண்டைய உருட்டிப் போடும், எறங்கிரும்."

ஃபாராவிடம் இதைச் சொன்னபோது கட்டில் ஆடச் சிரித்தான். பதிலுக்கு அவன் தமிழ் 'ழ' சொல்லிக் காட்ட முயன்று தோற்றுப்போனான். அன்றிலிருந்து சுந்தரராஜை 'வலால்' என்றுதான் கூப்பிட்டான். உடன்பிறந்தவன் என்று பொருள்.

தையில் எலும்பு கூடிவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கலாம், யாராவது கூட வந்தால் கப்பலேறலாம் என்று டாக்டர் சொன்னார். கூட வருவதற்கு ஆள் வேண்டும், அதற்கு ஒரு கப்பல் வர வேண்டும்.

மாசியில் வந்தது.

குளச்சலில் சொமாலிக்காரர்களின் பத்தேமாரி ஒன்று நங்கூரம் போட்டிருப்பதாகச் சுந்தரராஜுக்குத்தான் முதலில் தெரிந்தது. தனியாகப் போனான். கற்றதைப் புது ஆளிடம் பேசிப் பார்க்கலாம் என்ற ஆசைதான் அவனை இழுத்துக்கொண்டு போனது. போனான், பேசினான், சாயங்காலம் திரும்பி வந்தான். ஃபாராவிடம் வாயைத் திறக்கவில்லை. சோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வியாபாரப் பேச்சு, விலை கேட்பது, கடன் மறுப்பது ஒன்றும் இன்னும் படிக்கவில்லை. வாத்தியார் போய்விட்டால் யாரிடம் படிப்பது?

பங்குனியில் சோதனை நடந்தது. முதலாளியின் ஆள் அரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தான். சித்திரைக் கடைசியில் பம்பாய், அங்கிருந்து கப்பல். செய்தியைச் சொன்னபோது சுந்தரராஜைவிட ஃபாராதான் அதிகமாகச் சந்தோஷப்பட்டான். கையைப் பிடித்து முத்தம்கூடக் கொடுத்தான். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அன்று முழுக்கச் சுந்தரராஜுக்குத் தெரியவில்லை.

சைக்கிள் இரணியல் ரோட்டு இறக்கத்தில் வேகம் பிடித்தது.

ஃபாரா பேசிக்கொண்டே வந்தான். பெர்பெராவில் இறங்கியதும் யாரிடமும் நேரே காரியத்தைக் கேட்டுவிடக் கூடாது, முதலில் சமாதானமா என்று கேள், பிறகு வீட்டார் சுகமா, ஒட்டகம் சுகமா, மழை உண்டா, எல்லாம் கேட்டுவிட்டுத்தான் விலைக்கு வர வேண்டும் என்றான். பெரிய கிணற்றுக்குப் பக்கத்தில் தன் வீடு, அம்மாவை 'ஹோயோ' என்றே கூப்பிடு, அவளும் உன்னை 'ஹோயோ' என்றுதான் கூப்பிடுவாள், எங்கள் ஊரில் தாய் பிள்ளையை அப்படித்தான் அழைப்பாள் என்றான். அண்ணன் வர்சாமே முரடன், ஆனால் தம்பிக்கு இத்தனை செய்தவனுக்கு வீட்டில் பாதியை எழுதிக் கொடுத்துவிடுவான்.

சுந்தரராஜ் மிதித்தான். கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைக்கவில்லை.

பிறகு ஃபாரா சாதாரணமாக ஒன்று சொன்னான். இத்தனை மாதத்தில் நம்ம கப்பல் ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே, அண்ணன் தேடி வருவான் என்று தினமும் நினைத்தேன், கடவுள் கடலை அடைத்துவிட்டான் போல.

சொல்லிவிடு என்று நெஞ்சு இடித்தது. வண்டியை நிறுத்து, காலைப் பிடி, சொல்லிவிடு. சொமாலியில் அதற்கு வேண்டிய வார்த்தை எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் இன்னும் வேகமாக மிதித்தான். நேரமாகிவிட்டது, முதலில் கப்பல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

குளச்சல் கரையில் மணலில் சக்கரம் புதைந்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஃபாராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். பத்தேமாரி நங்கூரத்தை எடுத்துக்கொண்டிருந்தது. கடைசித் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிய வள்ளம் ஒன்று மட்டும் அலையோரம் நின்றது. மருதாணியிட்ட சிவப்புத் தாடியோடு கப்பல் தலைவன் அதன் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஃபாரா கூப்பிட்டான்.

தலைவன் திரும்பினான். பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டான். உதடு எதையோ ஓதியது. வள்ளத்திலிருந்து குதித்து வந்து ஃபாராவின் முகத்தை, தோளை, கையைத் தடவிப் பார்த்தான். பிறகு வள்ளக்காரன் அவசரப்படுத்த, தலைவனும் சுந்தரராஜும் சேர்ந்து ஃபாராவைத் தூக்கிப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்த்தினார்கள்.

சுந்தரராஜ் இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளினான். ஃபாரா குனிந்து அவன் கையைப் பற்றிக்கொண்டான், விடவில்லை. இந்த அலை ஏறிவிட்டால் போதும். இன்னும் ஒரே ஒரு அலை.

தலைவன் பேசத் தொடங்கினான். தண்ணீரில் நிற்கிறவனுக்குச் சொமாலி விளங்கும் என்று அவனுக்குத் தெரியாது. சுந்தரராஜுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

மாசியில் இதே கரையில் ஃபாராவைத் தேடி அவன் அண்ணன் வர்சாமே இறங்கினானாம். திரும்பிப் போகிற வழியில் கோழிக்கோட்டில் தலைவன் அவனைக் கண்டிருக்கிறான். மூன்று நாளாகச் சோறு தொடாமல் இருந்தானாம். இந்நேரம் ஊர் சேர்ந்து அம்மாவிடமும் சொல்லியிருப்பான்.

"என்ன சொல்லியிருப்பான்?" என்றான் ஃபாரா.

"நீ செத்துவிட்டாய் என்று. காய்ச்சல் கண்டு செத்தாய், புதைத்தாகிவிட்டது என்று இந்தக் கரையில் ஒருத்தன் சொன்னானாம். மணல்மேடு ஒன்றையும் காட்டினானாம்."

"வர்சாமே எப்படி நம்பினான்? முன்பின் தெரியாதவன் சொன்னதை?"

அலை வள்ளத்தைத் தூக்கியது. சுந்தரராஜின் கையைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"வேறு பாஷையில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான்" என்றான் தலைவன். "அந்த ஆள் இந்த ஊர்க்காரன்தான். ஆனால் நம் பாஷையில் சொன்னான். ஒரு தப்பில்லாமல் சொன்னான்."