அப்பாவின் மடக்குக் கத்தி

"வேணி, வேட்டி ஓரம் கெட்டியா இருக்கும்மா, கிழிய மாட்டேங்குது. கத்தி ஏதாவது குடு," என்றார் தர்மராஜ் சித்தப்பா.

லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், செருப்பைக் கழற்றின கையோடு புது வேட்டியைப் பிரித்துக்கொண்டு அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இன்னும் தாமதித்தால் கால் விறைத்துவிடும்.

"அண்ணன் ஒரு மடக்குக் கத்தி வச்சிருப்பாரே, அது எங்க?"

அது ஸ்டூலின் மேல், நறுக்காத கொய்யாப்பழத்தின் பக்கத்திலேயே இருந்தது. "இந்தாங்க சித்தப்பா. லூசா இருக்கும், பாத்துத் தொறங்க," என்று எடுத்துக் கொடுத்தாள் வேணி.

முன்பெல்லாம் அது லூசாக இருந்ததில்லை. அப்பா காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்த காலம் முழுக்க அது அவர் சட்டைப்பையில்தான் கிடந்தது. முதுகில் ஓடும் ஸ்பிரிங் அப்படி ஒரு முரடு. நகத்தைக் கொடுத்து இழுத்தால் பாதிவரை முரண்டு பிடித்துவிட்டு, 'டக்'கென்று நிமிர்ந்து நிற்கும். அந்தச் சத்தத்தில் மனிதருக்குப் பெருமை வேறு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபிறகு, நகம் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

"வேணி, இதத் தொறந்து குடும்மா."

கொய்யாப்பழத்துக்கு ஒரு தடவை, மாத்திரை அட்டைக்கு ஒரு தடவை, ஒன்றுமில்லாததற்கு இரண்டு தடவை. திறந்து கொடுத்தாலும் விடமாட்டார். "உக்காரு, ஒரு துண்டு சாப்புட்டுப் போ," என்பார். ஒன்பதரைக்குள் ஜவுளிக்கடையில் நிற்கவேண்டியவளுக்கு உட்கார ஏது நேரம்? எரிச்சல் தாங்காமல் ஒருநாள் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோனாள். "ஸ்பிரிங்கத் தேய்ச்சுட்டா பழையபடி வராதும்மா," என்று அவர் சொல்லத்தான் செய்தார். "பரவால்ல, தேய்ச்சுடுங்க," என்றாள்.

அப்பா கத்தியைத் தொடையில் வைத்து, இடது கையாலேயே திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். "சத்தம் போச்சே," என்றார், அவ்வளவுதான். அதன்பிறகு ஆறு மாதம் அவளைக் கூப்பிடவே இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது அவளுக்கு.

இன்று காலை கூப்பிட்டார். இட்லிக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் லூசாக்கிக் குடுத்திருக்கேனே, நீங்களே தொறங்கப்பா." அவர் திரும்பக் கேட்கவில்லை. தட்டோடு போனபோது பழம் முழுசாக இருந்தது. அப்பா போய்விட்டிருந்தார்.

"எங்கம்மா லூசு? அசைய மாட்டேங்குதே," என்று சித்தப்பா கத்தியை நீட்டினார். "என் நகத்துக்கு வரல. இதத் தொறந்து குடும்மா."

வேணி கட்டிலோரம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். நகத்தைக் கொடுத்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததும் திறந்தது. மடியில் ஏதோ விழுந்தது. எட்டாக மடித்து, கத்தி இறுகிப்போகும்படி அது மடங்கும் இடுக்கில் திணித்து வைத்திருந்த பஸ் டிக்கெட்.

பிரித்துப் பார்த்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம். போன வெள்ளிக்கிழமைத் தேதி. கைப்பயிற்சிக்கு அவரைக் கூட்டிப்போய்விட்டு, இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வழி முழுக்க அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு இந்தத் துண்டுக் காகிதத்தை எவ்வளவு நேரம் மடித்தாரோ, எதைக் கொண்டு குத்தித் திணித்தாரோ.

'உக்காரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?' சொல்லாமலா இருந்தார், அப்போதெல்லாம் தினமும்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. டிக்கெட்டு."

சித்தப்பா ஓரத்தைக் கீறி, ஒரு முழம் கிழித்து, விரல்களைச் சேர்த்துக் கட்டினார். "கத்திய உள்ள வச்சிட்டு வா, ஆளுங்க வர நேரம்," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

வேணி எழவில்லை. டிக்கெட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்தில் வைத்து, கத்தியை அழுத்தி மூடினாள். பிறகு கொய்யாப்பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.