நாலேகால் மணிக் கார்

லிஃப்ட்காரர் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் எப்போதும் சாயங்காலம் நாலேகால் மணி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம், விடிந்தும் விடியாமலும் இருக்கலாம், தெருவிளக்கு எரிகிற நேரமாக இருக்கலாம். கதவைத் திறந்து உட்கார்ந்து சாத்திக்கொண்டால் இடது பக்கத்திலிருந்து சாய்வாக ஒரு மஞ்சள் வெயில் வந்து மடியில் விழும். விற்றவள் இதை மறைக்கவில்லை. பல் டாக்டரின் மகள் அவள். அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். காரின் குறைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டே இரண்டு இருக்கை. இருபத்தெட்டு வயசு. கதவுக்கு அடியில் துரு. ரேடியேட்டர் ஒழுகும். முன்விளக்குகள் இமை திறப்பதுபோல மேலே எழும்பும், ஆனால் இடதுபக்க விளக்கு அன்றைக்கு அதற்கு மனசிருந்தால்தான் எழும்பும். "அப்புறம் உள்ள கொஞ்சம் சாயங்காலமா இருக்கும், சார். சில பேருக்கு அது ஒத்துக்கல. வேற ஒண்ணும் இல்ல" என்று தாளை மடித்தாள்.

லிஃப்ட்காரர் வாங்குகிற எண்ணத்தோடு போகவில்லை. ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆயுசெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வந்த மனிதருக்கு ஒரு தடவையாவது நேராக, வேகமாகப் போகிற வண்டியைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். துணைக்கு வந்த மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் கடைகளுக்கெல்லாம் காஜா எடுத்துக் கொடுப்பவள் அவள். சட்டைக்கும் கோட்டுக்கும் பொத்தான் துளைகளைக் கையாலேயே கட்டித் தருவாள், மெஷின் காஜாவை விடப் பத்து மடங்கு உழைக்கும் என்று கடைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வேலை படுத்துவிட்டது. கண்ணுக்குள் பனி இறங்குகிறது, இன்னும் இரண்டு வருஷத்தில் முழுசாக மூடிவிடும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். கால் வலிக்கிறது என்று காருக்குள் உட்கார்ந்தவள், பக்கத்தில் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்த கணவரின் பக்கம் திரும்பி, "ஏங்க" என்றாள்.

"என்ன?"

"உங்க மூக்கு மேல மச்சம் இருக்கே."

"அது பொறந்ததுல இருந்து இருக்கு."

"மச்சம் இருக்கறது எனக்குத் தெரியாதா? அதுல வெள்ளையா ஒரு முடி நிக்குதே, அதச் சொல்றேன்."

லிஃப்ட்காரர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. கதவைத் திறந்து மனைவியை இறக்கினார், மறுபடி ஏற்றினார், இறக்கினார். வெளியே அவளுக்குப் பனி, உள்ளே துல்லியம். காருக்குள் இருப்பது மட்டும்தான் தெரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் பழையபடி பாலில் கரைந்து கிடந்தது. அவர் பேரம் பேசவே இல்லை. பேரத்துக்காகவே கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருந்த பல் டாக்டரின் மகளுக்குத்தான் அது ஒரு மாதிரியாகிவிட்டது. கூடவே அப்பாவின் டூல்ஸ் பெட்டியையும் கொடுத்து அனுப்பினாள்.

ஆள் வைத்து ஓட்டிவந்த கார் வீட்டு வாசலில் நின்றபோது தெருவே கூடியது. மனைவியின் தங்கை இரண்டு வீடு தள்ளி இருப்பவள், வாயை அடக்கத் தெரியாதவள். "ஏன் அத்தான், ஏர்றதுக்கு ஒருத்தர் தள்ளணும், எறங்கறதுக்கு ஒருத்தர் இழுக்கணும். இதுல ஸ்போர்ட்ஸ் வேறயா?" என்றாள். லிஃப்ட்காரர் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். சிக்னலில் நிறுத்தும்போதெல்லாம் வாய் தவறி "மூணாவது மாடி" என்று சொல்லிவிடுவார். ஆனால் கார் ஓடிய நாட்களை விட வாசலில் நின்ற நாட்களே அதிகம். மனைவி காலையில் குளித்துவிட்டு நூல்கண்டும் ஊசியும் எடுத்துக்கொண்டு காரில் ஏறுவாள், நாலேகால் மணி வெயிலில் காஜா கட்டுவாள், சாப்பாட்டுக்கு இறங்குவாள், மறுபடி ஏறுவாள். கடைக்காரர்கள் துணியைக் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்து ஜன்னல் வழியாக வாங்கிப் போனார்கள். ஆறு மாதத்தில் யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

பழைய காரை வாங்குவது ஒரு நாள் வேலை, வைத்திருப்பதுதான் வேலை என்பதை லிஃப்ட்காரர் முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துகொண்டார். அந்த வெயிலும் மற்ற எல்லாவற்றையும் போலக் காரின் ஒரு பாகம்தான். என்ஜின் ஆயில் பழசானால் வெயில் ஆறிப்போன டீயின் நிறத்துக்குப் போனது. பிளக்கில் கரி பிடித்தால் வெயில் சிமிட்டியது, ஊசி விரலில் ஏறியது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் நாலேகால் மணியில் உச்சி வெயிலின் சூடு ஏறி, மடியில் இருக்கும் கோட்டுத் துணி இஸ்திரி போட்டதுபோல வாசனை அடித்தது. வாட்டர் பம்ப் போய்விட்டபோது அந்த மாடலுக்கு உலகத்திலேயே பம்ப் செய்வதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கோ கடல் தாண்டி ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து ஐந்து மாதம் கழித்துப் பார்சலில் வந்தது. அந்த ஐந்து மாதமும் லிஃப்ட்காரர் வீட்டில் இருக்கும்போதெல்லாம் மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்றினார். வேலை நாளில் கடைசி மாடியில் ஆளை இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்து ஊற்றிவிட்டுப் போவார்.

மெக்கானிக்குக்கு ஸ்பேனர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கெட்டிக்காரர். காரில் இரண்டு கார்புரேட்டர்கள் உண்டு, இரண்டும் ஒரே அளவில் மூச்சு விட்டால்தான் என்ஜின் சீராக ஓடும். ரப்பர் குழாயின் ஒரு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டுத்தான் சரி செய்வார். ஒரு நாள் குழாயை லிஃப்ட்காரரிடம் கொடுத்தார். முப்பது வருஷம் இரும்புக் கயிற்றின் முனகலைக் கேட்டே எந்த மாடியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லிவந்த காது அது. "வலது பக்கம் கொஞ்சம் பெருமூச்சு விடுதுப்பா" என்றார் லிஃப்ட்காரர். ஸ்பேனர் குழாயை அவருக்கே விட்டுவிட்டார்.

ஸ்பேனருக்கு ஒரு பழக்கம். எந்த வண்டியானாலும், சொன்ன வேலையோடு சொல்லாத வேலை ஒன்றைச் சும்மா செய்துதான் திருப்பிக் கொடுப்பார். என்ன செய்தேன் என்று வாயைத் திறக்க மாட்டார். சொந்தக்காரரே கண்டுபிடிக்க வேண்டும். கிறீச்சிடும் கதவு கிறீச்சிடாது, கிழிந்த மிதியடியில் தையல் விழுந்திருக்கும். கண்டுபிடித்துச் சொன்னால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

மூன்றாவது வருஷம் டைமிங் பெல்ட் மாற்றுவதற்காகக் கார் நாலு நாள் பட்டறையில் நின்றது. அதற்குள் மனைவிக்கு வெளிப்பார்வை முழுசாகப் போயிருந்தது. அந்த நாலு நாளும் அவள் வீட்டுக்குள் சுவரைப் பிடித்தபடி நடந்தாள், யாரையும் குறை சொல்லவில்லை, லிஃப்ட்காரருக்கு அதுதான் தாங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்பேனரே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்காவுக்குன்னு ஒண்ணு பண்ணியிருக்கேன். அக்காவே கண்டுபிடிக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

மனைவி ஏறி உட்கார்ந்தாள். ஒரு கோட்டின் முதல் காஜாவை முடித்தாள். இரண்டாவதைத் தொடங்கும்போது ஊசி நின்றது.

"ஏங்க, வெயில் நகருது."

"என்னது?"

"மடியில இருந்துச்சு. இப்ப முட்டிக்குப் போயிடுச்சு."

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். டேஷ்போர்டில் ஒரு சின்ன வட்டக் கடிகாரம் இருந்தது, வாங்கிய நாளிலிருந்து நாலேகாலிலேயே நின்றிருந்தது, செத்த கடிகாரம் என்று யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. இப்போது அது நாலு இருபத்தேழு காட்டியது. வினாடி முள் குதித்துக் குதித்துப் போனது.

பட்டறைக்கு அவர் ஓடியதைத் தெரு பார்த்தது. ஸ்பேனர் கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒயர் விட்டிருந்துச்சுண்ணே. நின்ன கடிகாரத்தப் பாத்தா என் கை சும்மா இருக்காது. நாசமாப் போற கை" என்று அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். முள்ளைத் திருப்பும் குமிழ் எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது. கடிகாரத்தை ஓட விடலாம், ஒயரைப் பிடுங்கி நிறுத்தலாம், திருப்ப மட்டும் முடியாது. இப்போது அவசரப்பட்டுப் பிடுங்கினால் நாலே முக்காலிலேயே நின்றுவிடும், வெயில் இறங்கிப் போய்விட்டது, ஊசி முனை தெரியாது. மறுபடி சாயங்காலம் நாலேகால் வருவது நாளைக் காலை ஏழு மணிக்கு. கட்டிங் பிளேயரோடு வந்து அந்த நிமிஷத்திலேயே பிடுங்கிவிடுவதாக ஸ்பேனர் வாக்குக் கொடுத்தார்.

லிஃப்ட்காரர் லீவு சொல்லிவிட்டுக் காரில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே காலை ஒன்பது மணிக்கு ஜனங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், உள்ளே அந்தி. வெயில் முட்டியிலிருந்து இறங்கி, காலடியில் சிவந்து, கதவிடுக்கில் ஒரு கோடாகி நின்றது. மனைவி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கூச்சமாக இருந்தது, தலையைக் கோதிக்கொண்டார்.

"ஆடாம இருங்க."

"நாளைக்கு நிறுத்திடுவான். பயப்படாத."

"நான் எங்க பயந்தேன்? நீங்கதான் பல்லக் கடிக்கறீங்க, தாடையில தெரியுது" என்றாள். அதுதான் கடைசியாகத் தெரிந்தது. இருட்டிவிட்டது.

பட்டப்பகலில் அந்தக் காரின் கண்ணாடிகள் கரியாக இருந்தன. மத்தியானம் தங்கை தூக்குச்சட்டியோடு வந்து ஜன்னலைத் தட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, "உள்ள ராத்திரியா அத்தான்? சரி, சத்தம் போடாம வெச்சுட்டுப் போறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கிசுகிசுத்தாள். உள்ளே குளிர்ந்தது. இருக்கைகளைச் சாய்த்துக்கொண்டு இருவரும் தூங்கினார்கள். அவருக்கு மட்டும் அடிக்கடி விழிப்பு வந்தது. பெல்ட் அறுந்தால் பெல்ட் மாற்றலாம், பம்ப் போனால் தேடிப் பிடிக்கலாம். இந்த முள் தப்பான இடத்தில் நின்றால் இவளுக்கு என்னத்தைக் கொண்டுவந்து கொடுப்பது என்று இருட்டில் ஒளிர்ந்த கடிகாரத்தின் சின்னப் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

தெருவில் ராச்சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில் காருக்குள் விடிந்தது. முதலில் நீலம். பிறகு ஸ்டீயரிங்கின் விளிம்பு. பிறகு, மூன்று வருஷமாக வெயில் வராத வலது பக்கத்திலிருந்து, வெள்ளையாக, புதுசாக, சோப்புப் போட்டுக் கழுவியதுபோல வெளிச்சம் வந்தது. மனைவி கண்ணைத் திறந்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"காலைல உங்க மூஞ்சி வேற மாதிரி இருக்கு."

"எப்படி இருக்கு?"

"இன்னிக்கு இன்னும் ஒரு தப்பும் பண்ணாத மூஞ்சி."

அவர் சிரித்தார். அவள் அவர் சிரிப்பதையும் பார்த்தாள். அப்புறம் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, வெளியே ஊர் உறங்கி முடிக்கும்வரை வேலை செய்தாள். கருப்பு என்று நினைத்து வைத்திருந்த நூல் கருநீலம் என்பது அந்தக் காலை வெளிச்சத்தில்தான் தெரிந்தது; கட்டியதைப் பிரித்துப் போட்டுத் திட்டிக்கொண்டே மறுபடி கட்டினாள்.

ஏழு அடிக்கக் கால் மணி இருக்கும்போது ஸ்பேனர் வந்தார், குளித்து, தலை வாரி, கோர்ட்டுக்கு வந்தவர்போல. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயரைப் பிளேயரின் வாயில் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்கண்ணே" என்றார். நாலு பதினாலு. வெயில் மெதுவாக மடிக்கு வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்ப்பா, ஓடட்டும்" என்றாள் மனைவி.

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பேசற நீ? பாதி நேரம் இருட்டாக் கெடக்கும். ஒண்ணும் தெரியாது உனக்கு."

"எல்லாருக்கும் பாதி நேரம் இருட்டுதானங்க. எனக்கு மட்டும் என்ன தனியா?"

"வேலை கெட்டுப்போகும்."

"மூணு வருஷமா ஒரே மணிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களுக்குத் தெரியாது, நீங்க எறங்கிப் போயிடுவீங்க. சலிச்சுப்போச்சுங்க."

ஸ்பேனர் அடியிலிருந்து, "அண்ணே, கழுத்து வலிக்குது, சீக்கிரம் சொல்லுங்க" என்றார். நாலேகால். மடியில் வெயில் மூன்று வருஷம் விழுந்த அதே இடத்தில் விழுந்தது. லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷமும் இந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஆயில் ஊற்றி, தண்ணீர் ஊற்றி, காதில் குழாய் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். மனைவி அவரைப் பார்க்கவில்லை; முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ் எப்போது கிளம்பும் என்று பார்க்கிறவளைப்போல. அவரும் முள்ளையே பார்த்தார். நாலு பதினாறு ஆயிற்று. ஸ்பேனர் பிளேயரோடு வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம் முந்தி ஓடுவது பிறகு தெரிந்தது. அதனால் நாலு மாதத்துக்கு ஒரு முறை காரின் பகலும் தெருவின் பகலும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு வாரம்போல ஒட்டி நடந்து, மறுபடி விலகிப் போகும். மனைவி அதற்கேற்றபடி தூங்கினாள், எழுந்தாள். லிஃப்ட்காரர் காரின் நேரத்துக்குத் தன் ஷிஃப்டை மாற்றி மாற்றி வாங்கினார்; ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொல்லையும் இல்லாமல் போனது. தையல் கடைக்காரர்கள் துணி கொடுக்க ஆள் அனுப்புமுன் போன் செய்து, "அக்கா, உள்ள மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டார்கள். கிளட்ச் மாறியது, காரின் அடித்தகடு துருப்பிடித்து வெட்டி ஒட்டப்பட்டது, முன்விளக்கின் மனசு மாறவே இல்லை. ஆயில் புதுசாக இருக்கும் வாரங்களில் விடியல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

பழைய வண்டிகளுக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஒரு மழைநாள் பிற்பகலில் வாகன ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். டயர் பார்த்தார், பிரேக் பார்த்தார், புகை பார்த்தார். நனைந்துகொண்டே எழுத முடியாமல் லிஃப்ட்காரரின் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பக்கத்தில் காஜா கட்டிக்கொண்டிருந்தவள், "காலை வணக்கம் சார்" என்றாள். ஆய்வாளர் தன்னையறியாமல் கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார். பிறகு படிவத்தை மடியில் விரித்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வந்தார். முன்விளக்கு, வலது, சரி. முன்விளக்கு, இடது, எச்சரிக்கை. உள்விளக்கு என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்தார், கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார், "காலை 7.40, போதுமானது" என்று எழுதி முத்திரை குத்தினார்.