மலையோரம் நடப்பவன்

"சிரிச்சானுங்கடா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஆடி மாதம், என் கடையிலேயே நின்றுகொண்டு, வளவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

கடை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால். நாலு கம்ப்யூட்டர் போட்ட பிரவுசிங் சென்டர். வெள்ளைக்காரர்கள் வந்து வீட்டுக்கு மெயில் போடுவார்கள், நம் பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் வளவன் நிற்பான். எட்டாவது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். அவன் அதோடு நிறுத்திவிட்டான், நான் பி.எஸ்ஸி. வரை போனேன். மத்தியானம் சவாரி கம்மியாக இருக்கும் நேரத்தில் உள்ளே வந்து நாலாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள்வான். அதில்தான் கார்வென் இருந்தது.

கார்வென் ஒரு கேம். தொண்ணூற்றொன்றில் முதல் பாகம் வந்தது, அப்போது ஐந்து பாகம் ஆகியிருந்தது. ராஜ்ஜியம், சாபம், மந்திரவாதி, நடுவில் பெரிய மலை, அந்த மலையைச் சுற்றி நடக்கும் யாத்திரிகர்கள், ஓரின் என்று ஒரு வீரன். இதற்குப் பைத்தியம் பிடித்த கூட்டம் உலகம் பூராவும் இருந்தது. இணையத்தில் ஒரு மன்றம் வைத்து, அடுத்த பாகத்தில் என்ன வரும், போன பாகத்தில் ஏன் சொதப்பினார்கள் என்று அடித்துக்கொள்வார்கள். அங்கே நான் அருணை கோபி. குறை சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலாம் பாகத்தை நார் நாராகக் கிழித்திருந்தேன். இரண்டாம் பாகத்துக்கு அப்புறம் ஓரின் யாரோடும் பேசுவதில்லை, அவனோடும் யாரும் பேசுவதில்லை. கதை எழுதுகிறவர்களுக்குச் சோம்பேறித்தனம், வீரனுக்கு வாய் இருப்பதையே மறந்துவிட்டார்கள் என்று எழுதினேன். பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள்.

வளவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் ஓடும் எழுத்தைக் கண்டுகொள்ளவே மாட்டான். யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், கால் எப்படிப் போகிறது என்றுதான் பார்ப்பான். ஒரு நாள் ஐந்தாம் பாகத்தை ஆடிக்கொண்டிருந்தவன் மவுஸை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"டேய் கோபி, இவன் செத்துட்டான்டா."

யார் என்று கேட்டேன். ஓரின் என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. செத்தவனை வைத்து எவனாவது மூன்று பாகம் எடுப்பானா என்று கத்தினேன். அவன் திரையைக் காட்டினான். மலைப் பாதை. யாத்திரிகர்கள் அத்தனை பேரும் பாதையின் வெளிப்பக்கமாகவே போகிறார்கள், மலையை ஒட்டிய பக்கம் காலி. ஓரினை மட்டும் வெளிப்பக்கம் எவ்வளவு இழுத்தாலும் மலையோரத்துக்கே போய்விடுகிறான். இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். புரோகிராம் கோளாறு என்று மன்றத்தில் எப்போதோ தீர்ப்புச் சொல்லியாயிற்று.

"நம்மூர்ல மலையோரமா யாருடா நடப்பாங்க?" என்று கேட்டான் வளவன்.

கிரிவலம் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரோட்டில் இடது கைப் பக்கமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் உடம்பை விட்டுப் போன சித்தர்களுக்கு. அவர்கள் அரூபமாக நடப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது, குறுக்கே போகக் கூடாது. சின்ன வயதில் நான் அந்தப் பக்கம் ஓடினால் அம்மா காதைத் திருகி இழுத்து வருவாள். நான் நடக்காத பாதையா, நான் ஆடாத கேமா? எனக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டாவது பாகத்துலயே இவன் கதை முடிஞ்சிடுச்சு. அதான் யாரும் பேசல, யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. நாய் மட்டும் கொலைக்குது பாரு. அதுக்குத் தெரியுது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மன்றத்தில் போடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். கடைசியில், இது என் நண்பன் வளவன் கண்டுபிடித்தது என்று ஒரு வரியும் போட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அந்த வரியை எடுத்துவிட்டேன். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் கடை திறந்து பார்த்தால் நூற்று நாற்பது பதில். நீ தெய்வம் என்கிறான் ஒருத்தன். பதின்மூன்று வருஷக் கோணலெல்லாம் நேராகிவிட்டது என்கிறான் இன்னொருத்தன். அதுவரைக்கும் என்னை எவன் அப்படிச் சொன்னான்?

பத்து மணிக்கு வளவன் வந்தான். சவாரியைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. எட்டாவது படித்தவனுக்குப் புலப்பட்டது எனக்குப் புலப்படவில்லையே என்ற வயிற்றெரிச்சல்.

"சரி வுடு" என்றான். எழுந்து போனான்.

அதற்குப் பிறகு அவன் நாலாவது கம்ப்யூட்டரில் உட்காரவே இல்லை. டீ குடிக்க வருவான், ஊர்க்கதையெல்லாம் பேசுவான், கார்வென் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டான். நானோ மன்றத்தில் பெரிய மனிதன் ஆகிவிட்டேன். மலையோரக் கோட்பாடு என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். யாராவது அதைப் பாராட்டும்போதெல்லாம் வெளியே ஸ்டாண்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். வளவன் உள்ளே வந்தால் திரையை மூடுவேன். அவனுக்கு இங்கிலீஷில் ஒரு வரி படிக்கத் தெரியாது என்பது தெரிந்தும் மூடுவேன்.

இரண்டாயிரத்து ஆறில், ஆறாம் பாகம் வர ஒரு மாதம் இருக்கும்போது, தோமாஸ் என்ற ஜெர்மன்காரன் மெயில் போட்டான். மன்றத்தில் பழைய ஆள். இந்தியாவுக்கு வருகிறேன், அந்தப் பாதையை உன்னோடு பார்க்க வேண்டும் என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வராதே என்று எப்படிச் சொல்வது? காலை எட்டரைக்குக் கடைக்கு வரச் சொன்னேன். அந்த நேரம் வளவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். வேங்கிக்காலிலிருந்து எனக்குத் தெரிந்த ராஜேந்திரனின் ஆட்டோவையும் வரச்சொல்லி வைத்தேன்.

எட்டரை ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று, ஆளைக் காணோம். ராஜேந்திரன் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான். பத்து மணிக்கு ஒரு ஆட்டோ வந்து கடை வாசலில் நின்றது. உயரமாக ஒரு வெள்ளைக்காரன் இறங்கினான். ஓட்டி வந்தவன் வளவன்.

தோமாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான், விடவே இல்லை. பிறகு வளவன் பக்கம் திரும்பி, இந்த ஆள் யார் தெரியுமா, உலகத்தில் ஒருத்தருக்கும் புரியாத கதையை ஒரே நாளில் அவிழ்த்தவன், செத்தவன் மலையோரம் நடக்கிறான் என்று கண்டுபிடித்தவன், எங்கள் ஊரில் இவன் பெயரைச் சொல்லாத ஆளில்லை என்று அடுக்கிக்கொண்டே போனான். வளவன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்னா சொல்றாரு?"

"கடை நல்லா இருக்குதாம்."

"அப்படியா" என்றான்.

நீயும் அந்த கேம் ஆடுவாயா என்று தோமாஸ் அவனை நேராகவே கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வளவன், "நோ கேம் சார். ஒன்லி ஆட்டோ" என்றான். கேம் என்ற சொல்லை வைத்துப் பிடித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பம்.

வேறு வண்டியில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தோமாஸ் கேட்கவில்லை, இந்த டிரைவரைத்தான் பிடித்திருக்கிறது என்றான். எமலிங்கக் கோயிலைத் தாண்டி கிரிவலப் பாதையில் திரும்பினோம். அன்று சாதாரண நாள், இருந்தாலும் ஐம்பது அறுபது பேர் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் இடது பக்கமாக. மலையோரம் காலியாகக் கிடந்தது. தோமாஸ் அதைப் பார்த்துவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி துள்ளினான். எனக்கோ வளவனின் பிடரியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

நிருதிலிங்கக் கோயில் பக்கத்தில் தோமாஸ் கேள்வியை ஆரம்பித்தான். எப்படித் தோன்றியது என்றான். அம்மா சொல்லிக் கொடுத்தது என்றேன். அது இல்லை, பாதையை நாங்களும்தான் பார்த்தோம், கோளாறு என்று விட்டுவிட்டோம், செத்துத்தான் போனான் என்று உனக்கு உறுதி வந்தது எதைப் பார்த்து, அந்த நொடியைச் சொல் என்று நச்சரித்தான். எனக்கு அந்த நொடி இருந்தால்தானே சொல்வதற்கு? நானே எழுதியது ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தக் காலை வெயிலிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தோமாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

முன்னால் இருந்து வளவன், திரும்பாமலே சொன்னான்.

"நாயைச் சொல்லுடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரமத்துப் பக்கம் எத்தனை வருஷமாக நிற்கிறான். வெள்ளைக்காரர்களை ஏற்றி, ரூம் காட்டி, மலைமேல் இருக்கும் குகைக்கு வழி சொல்லி, அவர்கள் வீட்டு அழுகையெல்லாம் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன். இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். காதில் விழுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். பழைய வளவன் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

நாய் குரைத்ததைப் பார்த்து என்று தோமாஸிடம் சொன்னேன். அவன் கை தட்டினான்.

அவனை ரூமில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். கடை வாசலில் வளவன் வண்டியை அணைத்தான்.

"யாருடா சிரிச்சது?" என்று கேட்டான்.

"யாரும் சிரிக்கல."

அவன் கத்துவான், ஒரு அறை விடுவான் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரோட்டுல ஒரு நாய் கொலைச்சாப் போதும், என்னா கேணத்தனமா பேசித் தொலைச்சோம்னு எனக்கே அசிங்கமா இருக்கும். ரெண்டு வருஷம்டா."

அப்படியானால் தோமாஸிடம் ஏன் என்னைக் காப்பாற்றினாய் என்று கேட்டேன்.

"ஊரு விட்டு ஊரு வந்திருக்கற மனுசன். அவர் எதுர்ல உன்னை எப்படி வுட்டுக் குடுக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கே உன் பெயரைப் போட்டு உண்மையை எழுதுகிறேன் என்றேன். எழுது, பதில் வந்ததும் என்னைக் கூப்பிடு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றான்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் எழுதினேன். திருடினேன் என்றே எழுதினேன். வளவன் பெயர், ஆட்டோ ஸ்டாண்டு, நான் சொன்ன பொய், ஒன்றையும் மறைக்கவில்லை. பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நாலாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். தலையை வாரிவிட்டு வந்திருந்தான்.

"படி" என்றான்.

முதல் பதிலைப் பார்த்ததுமே ஒருத்தனும் நம்பவில்லை என்று தெரிந்தது. அதை மாற்றிப் படிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனாலும் உள்ளபடியே படித்தேன். எப்பேர்ப்பட்ட அடக்கம், பெருமையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாத மனிதன் என்று ஒருத்தன். ஓரினைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒரு நண்பனைக் கோபி படைத்திருக்கிறான், அருமை என்று இன்னொருத்தன். இங்கிலீஷ் தெரியாத டிரைவர் இந்தக் கதையைக் கண்டுபிடித்தானாம், நம்புங்கள் என்று மூன்றாவது ஆள் கிண்டல் செய்திருந்தான்.

நாலாவது பதில் தோமாஸ் போட்டது. "நான் அந்த டிரைவரை நேற்று பார்த்தேன். நல்ல மனிதர். நானே கேட்டேன், கேம் ஆடுவதில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். ஏழை நண்பனுக்குத் தன் புகழைக் கொடுக்கப் பார்க்கிறான் கோபி."

படித்து முடித்துவிட்டு அவனைப் பார்க்கத் துணிவில்லாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்றாங்களா?"

"ஆமாடா."

"நேத்து நம்ம வண்டில வந்தவரே சொல்றாரா?"

"சத்தியமா வளவா. இந்தத் தடவை ஒரு எழுத்துகூட மாத்தல."

என்னை ரொம்ப நேரம் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். காய்கறிக்காரன் தராசைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தான்.

"இதைப் பிரிண்டு எடுத்துக் குடு" என்றான். "ஸ்டாண்டுக்கு வர்றவங்க யாருனா படிச்சுச் சொல்லுவாங்க."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான். ஆசிரம வாசலில் ஒரு வெள்ளைக்காரம்மா ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். வளவன் வண்டியை அவள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். பைக்குள் கை விட்டு அந்தக் காகிதத்தை எடுப்பது கடையிலிருந்தே தெரிந்தது. அப்படி ஒரு ஆளே இல்லை என்பதை அவன் இன்னொரு வாயாலும் கேட்பதைவிட, கோபி இன்றைக்கும் பொய்தான் படித்திருக்கிறான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று வாசலில் நின்று அண்ணாமலையானை வேண்டிக்கொண்டேன்.